கலங்கிய தொட்டி, சோர்ந்த தங்கமீன்: தண்ணீரில் தொடங்கி மருந்தில் முடியும் முழு வழிகாட்டி

தங்கமீன் தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாலோ, மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, பலரும் முதலில் ஒரு மருந்துப் புட்டியைத்தான் தேடுகிறார்கள். நீலமோ மஞ்சளோ ஏதோ ஒன்றை ஊற்றுகிறார்கள். மறுநாள் தண்ணீர் இன்னும் கலங்கியிருக்கும், மீன் இன்னும் சோர்ந்திருக்கும். வீட்டுத் தொட்டியில் தங்கமீனுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் தொடங்குகின்றன. தண்ணீரைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து, ஏற்கெனவே திணறும் மீனுக்கு இன்னொரு பாரம். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து மீனைக் கவனித்துப் பார்ப்பது, மருந்து கடைசியில்.

தங்கமீன் தொட்டி ஏன் சீக்கிரம் கெடுகிறது

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது குடல் வழியே வேகமாகக் கழிவாகிவிடும். அதோடு உடலில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாகவும் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கும். இந்த அம்மோனியா விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக் கூட்டம் முழுமையாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டால் அந்த இடைவெளி முழுவதும் மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது.

அம்மோனியா எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைத் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 சதவீதம். சோதனைக் குழாயில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில், ஒன்றில் மீன் தாக்குப்பிடிப்பதும் மற்றொன்றில் சாவதும் இதனால்தான்.

முதல் ஒரு மணி நேரம்

உணவை நிறுத்துங்கள். நன்கு வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நோயுற்ற மீனுக்கு ஆசையோடு போடும் உணவு தின்னப்படாமல் அடியில் அழுகும், அம்மோனியா ஏறும்.

காற்றைக் கூட்டுங்கள். ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். ஏற்கெனவே ஓடினால் இன்னொரு ஏர் ஸ்டோன் சேருங்கள். ஃபில்டரிலிருந்து விழும் நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உதவும்.

அடுத்து சோதனை. சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியையே பயன்படுத்துங்கள். காகிதப் பட்டைகள் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் பாருங்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாவது புட்டியைச் சொன்ன நேரம் முழுவதும் பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் படிந்த பொடி கரையாவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருக்கட்டும். 20க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. பி.எச். 7 முதல் 8.4 வரை எங்கே இருந்தாலும் தங்கமீன் பழகிக்கொள்ளும். ஆனால் அது நிலையாக இருக்க வேண்டும்.

இப்போது தொட்டியின் கொள்ளளவு. உள்பக்க நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். கற்களுக்கும் அலங்காரப் பொருட்களுக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு கழித்தால் 48 லிட்டர். மருந்தும் உப்பும் இந்த 48க்குத்தான் கணக்கிட வேண்டும். தொட்டியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பிப் போட்டால் அளவு கூடிவிடும்.

பிறகு தண்ணீர் மாற்றம். அம்மோனியா அல்லது நைட்ரைட் 0.5 பிபிஎம்மோ அதற்கு மேலோ இருந்தால் 50 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். 24 மணி நேரத்தில் மறுபடி சோதித்து, இறங்காவிட்டால் மறுபடி மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பநிலை பழையதிலிருந்து 2 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், தொட்டிக்குள் ஊற்றும் முன்பே வாளியில் குளோரின் நீக்கியைக் கலந்துவிடுங்கள். 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது உண்மை, ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினைச் சேர்க்கிறார்கள். அது அப்படிப் போகாது. குளோரமினைச் சாதாரண நீக்கிகளில் உள்ள தயோசல்பேட் மட்டும் கொண்டு உடைத்தால் அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் கட்டிவைக்கும் நீக்கியா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறந்தால் மீன் போய்விடும். மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத பழைய தொட்டியில் கார்பனேட் கடினத்தன்மை (பி.எச்.ஐ இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் உப்புகள்) தீர்ந்துபோய்ப் பி.எச். 6.5க்குக் கீழே, சில சமயம் 6க்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியம் வடிவில் கிடக்கும். பி.எச். 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் அது சில நிமிடங்களில் விஷ வடிவுக்கு மாறும். "தண்ணீர் மாற்றியதும் எல்லாமே செத்துப்போச்சு" என்று கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட தொட்டியில் தினமும் 10 முதல் 15 சதவீதம் மட்டும் மாற்றி, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக மீட்க வேண்டும்.

கலங்கல் என்ன வகை: கண்ணாடி டம்ளர் சோதனை

தெளிவான கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பாசி. தேநீர் நிறம் என்றால் மரக்கட்டையிலிருந்து இறங்கிய சாயம். அதனால் கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்ற மாற்றக் குறையும். வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் டம்ளரை இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்தால் அது தூசி, கழிவுத் துகள், கழுவாத கற்களின் பொடி. படியாமல் பால் கலந்ததுபோல் அப்படியே நின்றால் பாக்டீரியா பெருக்கம்.

தூசிக் கலங்கலுக்குச் சைஃபன் குழாயால் கற்களின் அடியை உறிஞ்சி, ஃபில்டரில் மெல்லிய பஞ்சு ஒரு அடுக்கு வைத்தால் ஓரிரு நாளில் தெளியும்.

பாக்டீரியாக் கலங்கல்தான் மக்களை அலைக்கழிக்கிறது. இங்கே பெருகுவது ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியா கிடையாது. அழுகும் கரிமப் பொருளைத் தின்று தண்ணீரில் மிதந்தபடியே பெருகும் வேறு வகை. புதுத் தொட்டியின் முதல் வாரங்களில் இது இயல்பாகவே வரும். பழைய தொட்டியில் வந்தால் மூன்று காரணங்களைத் தேடுங்கள்: உணவு கூடிவிட்டது, ஏதோ ஒன்று செத்து மூலையில் கிடக்கிறது, அல்லது ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவிவிட்டார்கள். இந்த மிதக்கும் பாக்டீரியா மீனை நேரடியாகத் தாக்காது. ஆனால் ஆக்சிஜனை உறிஞ்சும், அதனால்தான் கலங்கிய தொட்டியில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது.

இதற்கான வைத்தியம் பொறுமையைக் கேட்பது. உணவை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, அடிக்கழிவை உறிஞ்சி, அம்மோனியா ஏறினால் மட்டும் தண்ணீரை மாற்றி, காற்றை ஓடவிட்டுக் காத்திருந்தால் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். தினமும் முழுத் தண்ணீரையும் கொட்டி, கற்களைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டரைப் புதிதாக்கினால் ஒவ்வொரு முறையும் ஆரம்பப் புள்ளிக்கே திரும்புவீர்கள். தெளிவாக்கும் திரவங்கள் துகள்களை ஒன்றுசேர்த்து ஃபில்டரில் பிடிக்க வைக்கும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். படிகாரம் போடவே போடாதீர்கள். அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.எச்.ஐக் கீழே இழுக்கும்.

பச்சைத் தண்ணீர் தங்கமீனுக்கு விஷம் அன்று. இருந்தாலும் இரவில் பாசியும் ஆக்சிஜனைக் குடிக்கும். நேரடி வெயிலை மறைத்து, விளக்கை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சுருக்குங்கள். முழுதாக ஒழிக்க, தொட்டியை அடர்ந்த துணியால் 4 நாள் மூடி இருளாக்கலாம். சாகும் பாசி அம்மோனியாவை விடும் என்பதால் அந்த நாட்களில் காற்று நிற்கக் கூடாது, முடிவில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். புற ஊதா விளக்கு உள்ள ஃபில்டர் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

மீனைப் பார்த்துப் படிப்பது

தண்ணீர் அளவுகள் சரியான பிறகும் மூன்று நான்கு நாளில் மீன் தேறாவிட்டால்தான் நோயைத் தேட வேண்டும். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள்.

வால், துடுப்புகளில் சிவப்பு நரம்புக் கோடுகள், மடித்து வைத்த துடுப்பு, அடியில் படுக்கை: பெரும்பாலும் அம்மோனியாத் தாக்கம். தண்ணீர் சரியான சில நாட்களில் உடலிலும் துடுப்பு ஓரங்களிலும் கருப்புத் திட்டுகள் தோன்றினால் பயப்பட வேண்டாம். காயம் ஆறும்போது தங்கமீனில் அப்படி நிறம் படியும், வாரங்களில் மறையும்.

செவுள் பழுப்பாக மாறி, வேகமாக மூச்சு வாங்கினால் நைட்ரைட். அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கிறது. இங்கே சாதாரண உப்பு நல்ல மருந்து: லிட்டருக்கு 1 கிராம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. தண்ணீர் மாற்றமும் கூடவே தொடர வேண்டும்.

உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள், பொருட்களில் உடலை உரசுவது: வெள்ளைப்புள்ளி நோய். ஆனால் புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்து, மீன் சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயே கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு வரும் முண்டுகள் அவை. இதற்கு மருந்து போட்டு நலமான மீனை வாட்டியவர்கள் ஏராளம்.

புள்ளி ஒன்றும் தெரியாமல் உரசல் மட்டும் தொடர்ந்தால், அம்மோனியாவும் 0 என்றால், செவுள் புழுவைச் சந்தேகிக்கலாம். அதற்கு உப்பு போதாது, பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து வேண்டும். நூல்போல் உடலில் தொங்குவது நங்கூரப் புழு. தட்டையாக ஒட்டி நகர்வது மீன் பேன். இரண்டும் கண்ணுக்குத் தெரியும். இடுக்கியால் அடிவரை பிடித்து எடுக்கலாம், ஆனால் தொட்டியில் மிஞ்சும் குஞ்சுகளுக்குத் தனி மருந்து தேவைப்படும்.

துடுப்பு ஓரம் கிழிந்து வெளுத்து, நாளுக்கு நாள் உள்ளே குறைந்தால் துடுப்பு அழுகல். தொடக்கத்தில் சுத்தமான தண்ணீரும் உப்பும் போதும். அழுகல் துடுப்பின் அடிவரை போய் உடலைத் தொட்டுவிட்டால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து தேவை.

தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதப்பது உருண்டை உடல் வகைகளில் அடிக்கடி வரும். மிதக்கும் உணவைத் தின்னும்போது விழுங்கும் காற்றும் மலச்சிக்கலும் பொதுவான காரணங்கள். மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிச் சிறு துண்டுகளாக இரண்டு நாள் கொடுங்கள். அதன்பின் அமிழும் உணவுக்கு மாறிவிடுங்கள். மேலே மிதக்கும் மீனின் முதுகு தண்ணீருக்கு வெளியே காய்ந்தால் புண்ணாகும், அதையும் கவனிக்க வேண்டும்.

செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்று வயிறு உப்பினால், உள்ளே சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது. இதில் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அருகில் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தால் இந்த நிலையில் தாமதிக்கக் கூடாது.

உப்புச் சிகிச்சை, கிராம் கணக்கில்

அயோடினும் கட்டியாகாமல் தடுக்கும் பொருளும் சேர்க்காத கல் உப்பு வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்பின் பருமனைப் பொறுத்து ஒரு கரண்டியின் எடை மாறும். தராசில் நிறுங்கள்.

இலக்கு 0.3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 3 கிராம். ஒரே அடியாகப் போடாமல், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் வீதம் மூன்று தவணை. நம் 48 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொரு தவணைக்கும் 48 கிராம், மொத்தம் 144. வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மீன் இல்லாத பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். கரையாத கல் மீன்மேல் பட்டால் தோல் வெந்துவிடும்.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீரையே நிரப்ப வேண்டும். நீங்கள் வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டுமே உப்புச் சேர்க்க வேண்டும்: 20 லிட்டர் மாற்றினால் 60 கிராம். இதை மறந்து ஒவ்வொரு முறையும் முழுத் தொட்டிக்கும் போட்டால் ஒரு வாரத்தில் அளவு இரட்டிப்பாகிவிடும். தொட்டியில் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபில்டரில் சியோலைட் கற்கள் இருந்தால் அவற்றைக் கட்டாயம் எடுங்கள். உப்புத் தண்ணீரில் அவை தாங்கள் பிடித்து வைத்த அம்மோனியாவைத் திரும்ப விட்டுவிடும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு இந்த அளவை 10 முதல் 14 நாள் வரை வைத்திருங்கள். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் எட்டாது. அது முதிர்ந்து, மீனை விட்டு விழுந்து, அடியில் பிளந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்தி வரும் கட்டத்தில்தான் உப்பு அதைக் கொல்லும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டர் இருந்தால் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 26 வரை ஏற்றுங்கள், காற்றையும் கூட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடியை உறிஞ்சுவது, அங்கே கிடக்கும் ஒட்டுண்ணிக் கூடுகளையும் வெளியேற்றும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்துவதே நோய் திரும்பி வர முதன்மைக் காரணம்.

மருந்து போடும் தனித் தொட்டி

மெத்திலீன் புளூ, ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றை முக்கியத் தொட்டியில் போட்டால் ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும். மறுநாளே அம்மோனியா ஏறும். மெத்திலீன் புளூ சிலிக்கான் ஒட்டுகளையும் நிரந்தரமாக நீலமாக்கும். ஆகவே 30, 40 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி, ஏர் ஸ்டோன், வலை மூடி, வெப்பமானி ஆகியவற்றை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். சோப்பு பட்ட பாத்திரம் கூடவே கூடாது. கல், மணல் எதுவும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண் சட்டித் துண்டு போதும்.

பழகிய ஃபில்டர் இல்லாததால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்தைச் சேர்க்க வேண்டும். ஃபில்டர் ஓடினால் அதிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள். கரி மருந்தை உறிஞ்சிவிடும். சிகிச்சை முடிந்தபின் புதிய கரியைப் போட்டால் மிச்ச மருந்து நீங்கும். இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். அளவு லேபிளில் உள்ளதே. "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் குணமாகும்" என்ற நினைப்பு மலக்கைட் கிரீன் போன்ற மருந்துகளில் மீனைக் கொல்லும். ஒரு விஷயத்தில் மட்டும் தனித் தொட்டி உதவாது: வெள்ளைப்புள்ளி நோய் முக்கியத் தொட்டியிலும் பரவியிருக்கும், அங்கேயே உப்புச் சிகிச்சை செய்ய வேண்டும்.

தேறிய பிறகு

உணவை மெதுவாகத் தொடங்குங்கள்: முதல் நாள் ஒரு சிட்டிகை, ஒரு நிமிடத்தில் தீரும் அளவு. வழக்கத்துக்கு வந்த பின்னும் ஒருவேளைக்கு இரண்டு நிமிடத்தில் தீர்வதைத் தாண்ட வேண்டாம். உலர் உணவைத் தொட்டித் தண்ணீரிலேயே சில நொடி ஊறவைத்துப் போடுங்கள். உப்பை வாராந்திர மாற்றத்தில் வெறும் தண்ணீர் ஊற்றிப் படிப்படியாக இறக்கினால் போதும்.

வாரம் ஒருமுறை 30 முதல் 50 சதவீதத் தண்ணீர் மாற்றம். ஃபில்டர் ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொடாதீர்கள். மின்சாரம் பல மணி நேரம் நின்றால், மூடிய ஃபில்டருக்குள் தேங்கிய நீர் அழுகியிருக்கும். அதைக் கொட்டி, ஸ்பாஞ்சை அலசிவிட்டுத்தான் மறுபடி இயக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் அம்மோனியா வாராவாரம் திரும்புகிறது என்றால் தொட்டி சிறிது, மீன் அதிகம். உருண்டை உடல் தங்கமீன் ஒன்றுக்கே 75 லிட்டர், கூடச் சேரும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள உடல் வகைகள் ஒரு அடி வரை வளரும், அவற்றுக்குப் பெரிய தொட்டியோ குளமோ வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் எந்தத் தங்கமீனையும் நலமாக வளர்க்க முடியாது. இதில் எங்களுக்குத் துளியும் தயக்கம் இல்லை.

புது மீன் வாங்கினால் மேலே சொன்ன தனித் தொட்டியில் நான்கு வாரம் தனியாக வைத்துக் கவனியுங்கள். அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி, தனி சைஃபன் குழாய். கையை நனைக்க வேண்டியிருந்தால் முதலில் முக்கியத் தொட்டி, பிறகு தனித் தொட்டி. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.